பத்து வயதுக்கு உட்பட்டோர் மட்டும் இழுக்கவும்

தலைமை அலுவலகம்
ஜனவரி 9

பெறுநர்: பயணி, இருக்கை எண் 14, வயது நான்கு.
பொருள்: இருக்கை ஈரமானது குறித்து விளக்கம் கோருதல்.

சென்ற ஞாயிறு காலை மலைப்பாதைத் தடத்தில் நமது நிறுவனத்தின் இடைநில்லாப் பேருந்தில் பயணம் செய்த தாங்கள், வண்டியை நிறுத்துமாறு பலமுறை குரல் எழுப்பியதாகவும், விதிப்படி வண்டி நிறுத்தப்படாததைத் தொடர்ந்து மேற்படி இருக்கையை ஈரமாக்கியதாகவும் ஓட்டுநர் அறிக்கை அளித்துள்ளார். இச்செயலுக்கான விளக்கத்தை ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் தர வேண்டும். பயணி இன்னும் எழுதக் கற்கவில்லை எனில் பாதுகாவலர் எழுதலாம்.

நெருக்கடியிலும் விதியைக் கைவிடாத ஓட்டுநருக்கு நிறுவனம் பாராட்டுச் சான்றிதழ் வழங்கியுள்ளது என்பதைத் தங்கள் தகவலுக்காகத் தெரிவிக்கிறோம்.

நிர்வாக இயக்குநர்

தங்கச்சி, கீழே இதை மட்டும் என் கையால் எழுதுகிறேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. தங்கை பிள்ளை என்பதால் விட்டுவிட்டான் என்று நாளைக்கு ஒருவன் பேசக்கூடாது. அப்பா ஆரம்பித்த கம்பெனியில் பாகுபாடு கிடையாது. பட்டாணியின் கன்னத்தை மாமா கிள்ளியதாகச் சொல். அண்ணி விசாரித்தாள்.
அண்ணன்



வீடு
ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் நோட்டீஸ் வந்தது. பெறுநர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் நேரில் தர வேண்டும் என்று பியூன் அண்ணே பிடிவாதமாக நின்றதால் எழுப்பினோம். கட்டைவிரலில் மை தொட்டு ஒப்புதல் கொடுத்தான். அதே விரலால் சுவருக்கும், தொட்டில் குட்டியின் நெற்றிக்கும், பியூன் அண்ணேவின் சட்டைக்கும் ஒப்புதல் கொடுத்திருக்கிறான். நோட்டீஸின் அசல் இப்போது வாளித் தண்ணீரில் கப்பலாக மிதக்கிறது. நகல் உங்களிடம் இருக்கும். உங்களிடம் எல்லாவற்றுக்கும் நகல் இருக்கும்.

நீங்கள் கேட்ட விளக்கத்தை அவனிடமே கேட்டேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்:

"அவசரம். சொன்னேன். நிறுத்தல."

இதற்கு மேல் சேர்க்க எதுவும் இல்லை என்று விளையாடப் போய்விட்டான். எனக்கும் இதில் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இடம் தெரியவில்லை. உங்கள் அலுவலகத்தில் யாரும் இத்தனை சுருக்கமாக எழுதி நான் பார்த்ததில்லை.

பாதுகாவலர் என்ற முறையில் நானும் கொஞ்சம் எழுதுகிறேன். மடியில் குட்டி, ஒரு கையில் பை, மறு கையில் பட்டாணி. பெரியவள் ஜன்னலோரம். "அண்ணே, ஒரு நிமிஷம் ஓரங்கட்டுங்க, பையனால முடியல" என்றேன். உங்கள் ஓட்டுநர், ஊரெல்லாம் மீசை என்று கூப்பிடுகிறவர், முன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இடைநில்லா வண்டிம்மா இது. முதலாளி தங்கச்சி உங்களுக்கே ரூல்ஸ் தெரியலைன்னா மத்தவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். வண்டியே சிரித்தது. கூடவே பட்டாணியும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல். பிறகு நடந்தது நடந்தது. மலை ஏறி முடிக்கும்வரை அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்காவைத் தாண்டி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான்கு வயதுக்கு அது ரொம்பப் பெரிய அவமானம், அண்ணா.

அதனால் இனி நாங்கள் உங்கள் பேருந்தில் ஏறமாட்டோம். இது கோபத்தில் எழுதியது என்று நினைக்காதீர்கள். கோபம் ஞாயிற்றுக்கிழமையே வந்து போய்விட்டது. அதன் பிறகு மூன்று நாள் யோசித்தேன். இந்த ஊரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறவர்கள் எல்லோரும் ஏதோ குற்றம் செய்தவர்களைப் போலத்தான் வண்டி ஏறுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வண்டி வேண்டும். நான் விடப்போகிறேன். அவசரம் என்றால் நிற்கிற வண்டி.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
உங்கள் தங்கச்சி



தலைமை அலுவலகம்
ஜனவரி 20

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். எந்த இடத்தில் சிரித்தாள் என்பதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

நிதானமாகக் கேள். உனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது, அதற்குள் நீதிபதி என்று பட்டப்பெயர். வீட்டில் தினமும் தீர்ப்பு சொல்கிறாளாம். நடுவில் உள்ளவன் இருக்கையை நனைக்கிறான். கடைசி இன்னும் தொட்டிலை விட்டு இறங்கவில்லை. இதில் வண்டி விடப்போகிறாயா? மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? மின்சார மீட்டர் பார்க்கப் போகிற மனிதர், சாது. உன் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து முழிப்பார்.

போக்குவரத்துத் தொழில் என்றால் நேரம். நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நினைத்த இடத்தில் நிற்கிற வண்டிக்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு: பழுது.

உனக்குக் கைவேலை வேண்டும் என்றால் சொல். நம் கம்பெனியில் "மகளிர் மற்றும் மழலையர் நலன், கௌரவ ஆலோசகர்" என்று ஒரு பதவி உண்டாக்குகிறேன். மேசை, மின்விசிறி, பெயர்ப்பலகை எல்லாம் தருகிறேன். ஆலோசனை கேட்டு யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

நேரில் வந்தே சொல்லியிருப்பேன், இரண்டு தெருதான். ஆனால் வாய்ப்பேச்சுக்கு நகல் கிடையாது.

அண்ணன்



வீடு, முன்னறை, அதாவது அலுவலகம்
மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

வண்டி வந்துவிட்டது. பால் பண்ணையில் ஓடி ஓய்ந்த வேன். எத்தனை கழுவினாலும் உள்ளே லேசாகப் பால் வாசனை அடிக்கிறது. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். குழந்தைகள் ஏறியதும் தூங்கிவிடுகிறார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்தது போலவே வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முன்னறையில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். வலது கையில் தொலைபேசி, இடது கால் கட்டைவிரலில் தொட்டில் கயிறு. பயணம் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் "ஆமாங்க, சரிங்க, ச்சூ ச்சூ, அழாதே" என்று பேசுகிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை; அந்தப் பக்கமும் யாரோ அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள்.

நீங்கள் சாது என்று எழுதிய மாப்பிள்ளை ஒரு காரியம் செய்திருக்கிறார். மீட்டர் பார்க்கப் போகும் வீடுகளில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்கிறார். உள்ளங்கை அளவுச் செருப்பு கிடந்தால் ரீடிங் எழுதிக் கொடுத்துவிட்டு, "லீவுக்கு எங்கேயாவது போறீங்களா?" என்று ஒரு வார்த்தை போட்டு வைக்கிறார். வாழ்நாளில் அவர் ஒரே நாளில் இத்தனை பேரிடம் பேசியதில்லை.

ஓட்டுநர், முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஆயுசு முழுக்க எதற்கும் நிற்காமல் போனவருக்கு இப்போது எல்லாவற்றுக்கும் நிற்க வேண்டும். முதல் நாள், "எனக்கு நிக்கிறதுதாம்மா கஷ்டம்" என்றார். பழகிக்கொள்வார்.

இனி முக்கியமான விஷயம். வண்டிக்குள் ஜன்னலுக்குக் கீழே, குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், முன்னிருந்து பின்வரை ஒரு கயிறு ஓடுகிறது. நுனியில் ஓட்டுநர் காதருகே ஒரு மணி. குழந்தை இழுத்தால், ஓரம் பார்த்து வண்டி நிற்கும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. நீதிபதி தன் கையால் பலகை எழுதி மாட்டியிருக்கிறாள்: "பத்து வயதுக்கு உட்பட்டோர் மட்டும் இழுக்கவும்." பெரியவர்களுக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "பக்கத்துல இருக்கிற குழந்தைகிட்ட மரியாதையா கேக்கணும்" என்று தீர்ப்பாகிவிட்டது.

போன ஞாயிறு முதல் பயணம், கடற்கரைக்கு. நாலு குடும்பம். நான் முன்னால் குட்டியோடு. என் மற்ற இரண்டும் பின்னால். மணி ஓயவில்லை. ஒருவனுக்கு அவசரம். ஒருத்திக்கு வாந்தி. ஒருவன் செருப்பு ஜன்னல் வழியே போய்விட்டது. ஒருத்தி கழுதை பார்க்க வேண்டும் என்றாள். இறங்கி எல்லோரும் கழுதை பார்த்தோம். கழுதையும் எங்களைப் பார்த்தது. பட்டாணி மட்டும் காரணமே இல்லாமல் ஐந்தாறு முறை இழுத்தான். வண்டி நிற்கும், அவன் ஓட்டுநரைப் பார்ப்பான், "ஒண்ணுமில்ல, போங்க" என்பான். ஆம்புலன்ஸ்காரர் வண்டியை எடுப்பார். கடைசியாக நின்றபோது என்னைத் திரும்பிப் பார்த்து, "நிக்குதும்மா" என்றான்.

கடலை அடைந்தபோது காலை போய் உச்சி வெயில் வந்துவிட்டது. புகார் சொல்வார்கள் என்று மனதுக்குள் மன்னிப்பு வாசகம் தயார் செய்துகொண்டிருந்தேன். இறங்கும்போது ஒரு அம்மா, "அடுத்தது எப்போங்க?" என்று கேட்டார்.

அந்த மின்விசிறியை ஆலோசனை கேட்கப்படாத வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தங்கச்சி



தலைமை அலுவலகம்
மே 28

தங்கச்சிக்கு,

உன் வண்டியை நேரில் கண்டேன். கண்டேன் என்பதைவிட, அதன் பின்னால் நின்றேன் என்பது சரி. மலைப்பாதையில் நம் இடைநில்லாப் பேருந்து உன் வேனுக்குப் பின்னால் நின்றது. தொழிலுக்கு வந்து முப்பது வருஷத்தில் அந்த வண்டி வழியில் நிற்பதை அன்றுதான் பார்க்கிறேன். உன் வண்டியிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி, வரிசையாக நின்று, ஒரு குரங்குக்கு டாட்டா காட்டியது. என் பயணிகளில் பாதிப் பேர் அவர்களுக்கு டாட்டா காட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருவர் நம் நடத்துநரிடம், "உங்க வண்டியில கயிறு எங்கே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். ஒழுங்கு இப்படித்தான் கெடுகிறது.

வண்டி உரிமையாளர் சங்கம் நேற்றுக் கூடியது. இனி உன் வண்டி பேருந்து நிலையத்துக்குள் வரக்கூடாது, ஆள் ஏற்றக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. சங்கத்தின் தலைவர் நான் என்பதும், தீர்மானத்தை முன்மொழிந்தது நான் என்பதும் தற்செயல்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வண்டியைக் கம்பெனியில் சேர்த்துவிடு. கயிற்றை அறுத்துவிட்டால் நல்ல வண்டி.

அண்ணி உன் கைப்பக்குவத்தில் ஊறுகாய் கேட்டாள். அது வேறு விஷயம். இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அண்ணன்



அலுவலகம்
ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊறுகாயைப் பியூன் அண்ணேவிடம் கொடுத்திருக்கிறேன். ஜாடியைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அண்ணியிடம் என் ஜாடிகள் நிறைய இருக்கின்றன.

தீர்மானம் கிடைத்தது. நீதிபதி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "மாமா நம்மள உள்ள விடமாட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அங்க கழிப்பறை நாத்தமா இருக்கும். நமக்கு எதுக்கு?" என்றாள். இதற்கு மேல்முறையீடு கிடையாது.

இனி வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறோம். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டபடியே கொண்டுவந்து கிடத்தலாம். பால் புட்டியை மறந்தால் ஓடிப்போய் எடுத்து வரலாம். நிலையத்துக்குள் நிற்க விடாமல் செய்த பிறகுதான் இது எனக்குத் தோன்றியது. இந்த மாதம் கூட்டம் இரண்டு மடங்கு. சங்கத் தலைவருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள்.

இரண்டாவது வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் கயிறு இருக்கும்.

தங்கச்சி



தலைமை அலுவலகம்
அக்டோபர் 14

தங்கச்சிக்கு,

தட்டச்சு செய்யச் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்கொள்.

நேற்று மாலை, அணைக்கட்டுச் சாலையில், மூடிக்கிடக்கும் டயர் கடைக்கு எதிரே, மைல்கல் பக்கத்தில் என் மருமகன் தனியாக நின்றுகொண்டிருந்தான். சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. லாரி போகிற சாலை. அந்த வழியாக நம் இடைநில்லாப் பேருந்து வந்தது. மீசை ஓட்டி வந்தான். நிறுத்தினான். ஏற்றிக்கொண்டான். என் அலுவலகத்தில் கொண்டுவந்து விட்டான். பட்டாணி என் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். "மாமா, உங்க வண்டி நின்னுச்சு" என்றான்.

ஊரான் பிள்ளைகளை எண்ணி எண்ணி ஏற்றுகிற நீ, உன் பிள்ளையைச் சாலையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு தாய் செய்கிற காரியமா இது? அன்றைக்கே சொன்னேன்.

விதியை மீறி வழியில் நிறுத்தியதற்காக மீசையைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்திருக்கிறேன். தன் மருமகன் என்றதும் விதியை வளைத்தான் என்று நாளைக்கு ஒருவன் பேசக்கூடாது. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குப் புரியாது.

இந்த மாதம் முடிவதற்குள் இரண்டு வண்டிகளையும் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடு. இல்லையென்றால் நடந்ததை எழுதிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புவேன். உன் உரிமம் ரத்தாகும். அண்ணனாகச் சொல்கிறேன், தலைவனாகவும் சொல்கிறேன்.

அண்ணன்



அலுவலகம்
அக்டோபர் 16

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியது நடந்ததுதான். நடந்த விதத்தை நானே சொல்கிறேன்.

பயணிகள் பட்டியல் என் கையில் இருக்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அதை வைத்துத் தலை எண்ணுவேன். என் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் வீட்டு ஆட்கள், பயணிகள் இல்லை. அணைக்கட்டுச் சாலையில் நின்றோம். எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அவன் பின்னால் அக்காவோடு இருக்கிறான் என்று நான் நினைத்தேன். முன்னால் என்னோடு இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். புறப்பட்டோம்.

கொஞ்ச தூரம் போனதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று தெரியவில்லை. குட்டி தூங்குகிறாள், எல்லோரும் இருக்கிறார்கள், டயர் சரியாக இருக்கிறது. பிறகு புரிந்தது. மணி அடிக்கவில்லை. ரொம்ப நேரமாக ஒருவரும் மணி அடிக்கவில்லை. காரணமில்லாமல் கயிற்றை இழுக்கிறவன் வண்டியில் இல்லை.

திருப்பினோம். ஆம்புலன்ஸ்காரர் அன்றைக்குப் பழையபடி ஓட்டினார். மைல்கல் இருந்தது. டயர் கடை இருந்தது. அவன் இல்லை. அந்தக் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணியின் போன் வரும்வரை என்ன செய்தேன் என்பதை உங்களுக்கு எழுதப்போவதில்லை. அது என்னுடையது. நான் சாகிறவரை வைத்துக்கொள்கிறேன். அதற்கு நகல் தர மாட்டேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

அப்பா இருந்தபோது நம் கம்பெனிப் பேருந்து ஒன்று குளத்துக்குள் இறங்கியது, நினைவிருக்கிறதா? பயணிகள் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து கரை ஏறினார்கள். மறுநாள் காலை எல்லா வண்டியும் ஓடியது. அப்பாவின் மன உறுதி என்று ஊரே மெச்சியது. அப்பாவும் பிள்ளை பெற்றவர்தான். ஒரு தகப்பன் செய்கிற காரியமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இன்று காலை வண்டி எடுத்தேன். பெரிய பாலம்வரை போய் வந்தோம். இதற்கு நீங்கள் வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள்.

போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதுவேன் என்கிறீர்கள். நேற்றே நான் எழுதிவிட்டேன். எந்த இடம், எப்படி நடந்தது, யார் மேல் தப்பு, எல்லாம். என் மேல் என்று எழுதியிருக்கிறேன். கூடவே, இன்று முதல் என் பிள்ளைகளுக்கும் டிக்கெட் உண்டு, பட்டியலில் முதல் மூன்று பெயர் அவர்கள், அவர்களை எண்ணிய பிறகே மற்றவர்களை எண்ணுவேன் என்றும் எழுதியிருக்கிறேன். உரிமம் போனால் போகட்டும். நான் மறைத்துக் காப்பாற்றியதாக இருக்கக்கூடாது. நீங்கள் எழுதுவதாக இருந்தால் என் கடிதத்தைப் பார்த்து எழுதுங்கள். விவரம் எல்லாம் சரியாக இருக்கும்.

வண்டிகளைத் தர மாட்டேன்.

கடைசியாக ஒன்று. பட்டாணியை நனைய விட்டுப் போனவரும் மீசைதான். அதற்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள். அவனை ஏற்றிக்கொண்டு வந்தவரும் மீசைதான். அதற்கு வேலையைப் பிடுங்கினீர்கள். நேற்று வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "பையன் கை காட்டலம்மா. அழவும் இல்ல. சும்மா நின்னு வண்டியப் பார்த்தான். அன்னைக்கும் ஜன்னல்ல மூக்க ஒட்டிக்கிட்டு இப்படித்தான் பார்த்துட்டு இருந்தான். எனக்கு முன்னாடியே என் காலு பிரேக்குல போயிடுச்சு" என்றார்.

இரண்டாவது வண்டியை நாளை முதல் அவர் ஓட்டுகிறார். அந்தச் சான்றிதழைத் திருப்பி அனுப்பச் சொன்னார். இத்துடன் இணைத்திருக்கிறேன்.

தங்கச்சி



அலுவலகம்
நவம்பர் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் இல்லை. போகட்டும்; செய்தி சொல்வது என் கடமை.

போக்குவரத்து அதிகாரி வந்தார். இரண்டு வண்டிகளையும் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். பிரேக்கை மிதித்தார், கதவை அடைத்துத் திறந்தார். பிறகு கயிற்றில் கை வைத்தார். வாசலில் உட்கார்ந்திருந்த நீதிபதி எழுந்துவந்து, "சார், உங்க வயசு என்ன?" என்றாள். அதிகாரி பலகையை வாசித்தார். கையை எடுத்துவிட்டார். அரசாங்கம் கை வைத்த இடத்திலிருந்து கையை எடுத்ததை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எச்சரிக்கை ஒன்று எழுத்தில் வந்திருக்கிறது. நியாயமானது. சுவரில் மாட்டியிருக்கிறேன். உரிமம் இருக்கிறது. உங்கள் கடிதம் எதுவும் தம் அலுவலகத்துக்கு வரவில்லை என்று அதிகாரி சொன்னார். தபால் தாமதமாக இருக்கும்.

தங்கச்சி



அலுவலகம்
பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இதற்கும் பதில் எதிர்பார்க்கவில்லை. கடிதம் எதுவும் இல்லாமலே பியூன் அண்ணே வாரம் ஒருமுறை வருகிறார். "சும்மாதான்" என்கிறார். குழந்தைகளைப் பார்த்துவிட்டு, நின்றபடி தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். திரும்பிப் போய் யாரிடம் என்ன சொல்கிறார் என்று நான் கேட்பதில்லை.

பட்டாணிக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. குட்டி நடக்கிறாள், நடந்துபோய் முதலில் பிடித்தது கயிற்றை. மூன்றாவது வண்டி வாங்குகிறேன்.

இரண்டு தெருதான். நகல் தேவைப்படாத விஷயம் ஏதாவது இருந்தால் வரலாம்.

தங்கச்சி



அலுவலகம்
ஏப்ரல் 21

பெறுநர்: பயணி, இருக்கை எண் 6, வயது ஐம்பத்து மூன்று.
பொருள்: மணிக்கயிற்றை இழுத்தது குறித்து விளக்கம் கோருதல்.

சென்ற ஞாயிறு, தங்கள் மனைவியார் தம் குடும்பத்துக்காகப் பதிவு செய்த அணைக்கட்டுப் பயணத்தில் தாங்களும் கலந்துகொண்டீர்கள். தாங்கள் வருவது பற்றி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தகவல் இல்லை. தங்களுக்கும் இல்லை என்று தங்கள் மனைவியார் தெரிவித்தார்.

பயணத்தின் முற்பகுதியில் தாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். கைக்கடிகாரத்தை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அணைக்கட்டுச் சாலையில், மூடிய டயர் கடைக்கு எதிரே, மைல்கல் கண்ணில் பட்டதும் தாங்கள் குனிந்து, ஜன்னலுக்குக் கீழே கைவிட்டு, கயிற்றை இழுத்திருக்கிறீர்கள். முன்னதாகத் தாங்கள் வாய்விட்டு ஏதோ சொன்னதாகவும், அது யார் காதிலும் சரியாக விழவில்லை என்றும் சக பயணிகள் கூறுகின்றனர். வண்டியை ஓட்டிய மீசை, கண்ணாடியில் தங்களைப் பார்த்தார். நிறுத்தினார்.

தாங்கள் இறங்கி மைல்கல் அருகே சற்று நேரம் நின்றீர்கள். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பதை நிறுவனம் அறியும். பிறகு கல்லின் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு ஏறினீர்கள். விதிப்படி ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதன்பின் இருக்கை எண் 1-இன் பயணி, வயது ஐந்து, தன் இடத்தைவிட்டு எழுந்து வந்து தங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டதற்கு நிறுவனம் பொறுப்பல்ல.

எனினும் விதி விதிதான். கயிறு பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது. பக்கத்தில் இருந்த குழந்தையிடம் தாங்கள் மரியாதையாகக் கேட்டிருக்கலாம். முதலாளியின் அண்ணன் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று நாளைக்கு ஒருவர் பேசக்கூடாது. ஆகவே ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

நிர்வாக இயக்குநர்

அண்ணா, இது மட்டும் என் கையெழுத்து. வண்டிகளைப் பற்றி இனி ஒருபோதும் பேசாதீர்கள், தர மாட்டேன். மற்றபடி அண்ணியிடம் ஜாடிகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
தங்கச்சி



வீடு
ஏப்ரல் 22

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. எனது விளக்கம் பின்வருமாறு:

அவசரம். சொன்னேன். நிறுத்தினாங்க.

இருக்கை எண் 6

(இதற்கு நகல் எடுக்கவில்லை. ஜாடிகளோடு நானே கொண்டுவந்து தருகிறேன்.)